பாரிசவாதமும் பரம்பரையும்



பாரிசவாதம் கண்ட இருவர் ஒரே நாளில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். இருவர்க்கும் வயது அறுபதளவில். இருவர்க்கும் வலக்கையும் வலக்காலும் சோர்ந்துவிட்டன. மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது பழுதுற்ற இடமும் அதன் பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே காணப்படுகின்றன. மூன்று மாதம் கழிந்தபின் ஒருவர் தாமே சந்தைக்கு நடந்து சென்று மீன் வாங்கி வருகிறார். மற்றவரோ இன்னும் மகனுடைய தோளைப் பற்றிக்கொண்டே முற்றத்தில் இறங்குகிறார். இஃது எதனால்?

இவ்வினாவுக்கு நம் இல்லங்களில் இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. "அவருடைய தலையெழுத்து அப்படி" என்பது ஒன்று. "மனத்தைரியம் போதாது, முயன்றால் எழும்பி நடக்கலாம், அவர் முயல்கிறாரில்லை" என்பது மற்றொன்று. முதலாவது விடையை நம்பிய குடும்பம் நோயாளியைக் கட்டிலோடு விட்டுவிடுகிறது. இரண்டாவது விடையோ, வாய்திறந்து மறுமொழி கூறவும் இயலாமற் கிடக்கும் ஒருவர்மீது குற்றஞ் சாட்டுகிறது. இவற்றுள் எது கொடிது என்று துணிந்து கூறுதல் அரிது. அண்மைக் காலத்தில் மூன்றாவது விடையொன்றும் இவற்றோடு வந்து சேர்ந்திருக்கிறது. "எல்லாம் பரம்பரை" என்பதே அது. அறிவியலின் பெயரால் வருவதாகையால் அதற்கு மதிப்பும் மிகுதி. அவ்விடையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதையே இப்பேச்சில் ஆராயக் கருதுகிறேன்.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது நோக்குவோம். மூளை நம் உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்களவே. ஆயினும் உடல் செலவிடும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனைக் கொண்டு சேர்ப்பது குருதி. குளத்து நீரை வயலுக்குக் கொணரும் வாய்க்கால் அடைபட்டால் கடைமடைப் பயிர் கருகும். வாய்க்காற் கரை உடைந்தால் நீர் பெருகிப் பயிரை அழிக்கும். மூளைக்குச் செல்லும் குருதி நாடி அடைபடுவதும் உடைவதுமாகப் பாரிசவாதமும் இவ்விரு வகையானது. பெருவழக்காகக் காணப்படுவது அடைப்பே. பெரிய நாடியொன்று அடைபட்டு, மருத்துவம் எதுவும் செய்யப்படாதிருப்பின், நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கி நான்கரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் விரைவதன் காரணம் இதுதான். முகம் ஒருபுறம் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறக் கண்டால், எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாவண்டியை வரவழைக்க வேண்டும். இன்றைய பொருளுக்கு இது சிறிது புறம்பானதே; ஆயினும் பாரிசவாதத்தைப் பற்றிப் பேச வாய்த்த எவரும் இதைச் சொல்லாமல் விடலாகாது.

மடிந்த நரம்புக் கலம் மீள்வதில்லை. அவ்வாறாயின் சோர்ந்த கை மீண்டும் அசைவது எப்படி? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நரம்புக் கலங்களின் அமைப்பை வரைந்து காட்டிய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ கஹால், வளர்ந்தோர் மூளையின் வழிகள் மாறாது நிலைபெற்றவை என்றே கருதினார். அக்கருத்து நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது. இன்று நாம் அறிவது வேறு. பழுதுற்ற இடத்தைச் சூழ்ந்துள்ள கலங்கள் புதிய கிளைகளை விடுகின்றன. அயற் கலங்களோடு புதிய தொடர்புகளை ஏற்படுத்துகின்றன. இறந்தவை செய்த தொழிலில் ஒரு பகுதியைத் தாம் ஏற்றுக்கொள்கின்றன. முதல் மூன்று மாதங்களில் இவ்வேலை விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நடைபெறுகிறது. ஒருவர் எவ்வளவு தேறுகிறார் என்பது இந்த மறுசீரமைப்பு எவ்வளவு நடைபெறுகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பரம்பரை தலையிடக்கூடிய இடமும் இதுவே.

பரம்பரை அலகு என்பது, உடலில் ஒரு புரதத்தை எவ்வாறு ஆக்குவது என்று எழுதிவைத்த குறிப்பு எனலாம். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வோர் அலகிலும் இரண்டு பிரதிகள் நமக்குண்டு. புரதங்களை ஆக்கும் அலகுகள் மனிதரில் ஏறத்தாழ 20,000. எழுத்துப் பிழை நேர்ந்த ஏட்டுப் பிரதிகளைப் போல, ஒருவருடைய குறிப்புக்கும் இன்னொருவருடைய குறிப்புக்கும் இடையே சிறுசிறு பேதங்கள் உண்டு. அவற்றிற் பல எவ்வித விளைவும் அற்றவை.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். பாரிசவாதம் யாருக்கு வரும் என்பது ஒரு வினா. வந்தபின் யார் தேறுவார் என்பது வேறொரு வினா. முதல் வினாவில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஒரே ஓர் அலகின் பழுதினால் தலைமுறை தலைமுறையாக நடுவயதிலேயே பாரிசவாதம் காணும் குடும்பங்கள் சில உலகில் இருக்கின்றன. 'கடாசில்' எனப்படும் அந்நோய்க்குரிய அலகு 1996 இல் இனங்காணப்பட்டது. அது மிக அரிய நோய். பெரும்பாலானோரின் நிலைமை அத்தகையதன்று. 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016 இல் வெளியான பேராய்வொன்று, உயர் குருதியமுக்கம், புகைத்தல், நீரிழிவு, உடலுழைப்பின்மை முதலான பத்துக் காரணங்களே பாரிசவாதத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்குப் பொறுப்பாகும் எனக் காட்டியது. ஒரு குடும்பத்தார்க்குப் பரம்பரை அலகு மட்டுமா பொதுவானது? அடுப்பும் ஒன்று, உப்புச் சாடியும் ஒன்றல்லவா? தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நோய் வந்ததைக் கண்டு பழியைக் குருதியின்மேற் போடுமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

இரண்டாவது வினாவே நமக்குரியது. தேறுதலைப் பற்றிய ஆராய்ச்சியில் மிகுதியாகப் பேசப்பட்ட அலகு, பி.டி.என்.எவ். என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் புரதத்துக்குரியது. நரம்புக் கலங்களை வாழவைத்து அவற்றின் தொடர்புகளை வளர்க்கும் இப்புரதத்தை, 1982 இல் ஈவ் அலன் பார்ட், ஹன்ஸ் தோனன் முதலானோர் ஜேர்மனியில் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர். இதற்குரிய குறிப்பு பதினோராம் நிறமூர்த்தத்தில் உள்ளது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிபோலக் கோக்கப்பட்ட ஒரு மாலை. இம்மாலையில் 66ஆம் இடத்தில் சிலர்க்கு வலீன் என்னும் மணி இருக்கிறது. வேறு சிலர்க்கு அவ்விடத்தில் மெதியோனீன் இருக்கிறது. ஒரு மணியே வேறுபாடு.

இவ்வேறுபாடு அரியதன்று. ஐரோப்பிய வம்சத்தவருள் ஏறத்தாழ மூவருக்கொருவர் மெதியோனீன் வகையின் ஒரு பிரதியையேனும் உடையவர். சீனர், யப்பானியர் போன்ற கிழக்காசிய மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அதனை உடையவர். இவ்வளவு பேர்க்கு உள்ளதொன்றைப் பழுது என்று அழைப்பது எனக்கு உடன்பாடன்று.

அதன் விளைவு யாது? 2003 இல் வெளியான ஆய்வொன்று அதனை விளக்கியது. 66ஆம் இடம், முற்றுப்பெற்ற புரதத்திலிருந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் முன்பகுதியில் உள்ளது. ஆகவே புரதத்தில் மாற்றமில்லை. மாற்றம் அது வெளிவரும் வகையில்தான். நரம்புக் கலம் தொழிற்படும்போது வெளிவிட வேண்டிய பி.டி.என்.எவ்., மெதியோனீன் வகையினரில் குறைவாக வெளிவருகிறது. களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, நெல்லிலும் குறையில்லை, ஆனால் கதவு அகலத் திறக்கவில்லை என்று கொள்ளலாம்.

இதனை மனிதரிற் காண விரும்பிய கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயற்ற இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்து 2006 இல் வெளியிட்டனர். விரல்களுக்குச் சிறிது நேரம் பயிற்சி கொடுத்து, அப்பயிற்சிக்கு முன்னும் பின்னும், மூளையில் விரலை இயக்கும் பகுதி எவ்வளவு பரந்திருக்கிறது என்று காந்தத் துடிப்பின் உதவியால் அளந்தார்கள். வலீன் வகையினரில் அப்பகுதி பயிற்சிக்குப்பின் விரிந்தது. மெதியோனீன் உடையோரில் அவ்விரிவு குறைவாகவே இருந்தது. இச்செய்தி பரவியதும், மெதியோனீன் உடையவர் பாரிசவாதத்தின்பின் தேறமாட்டார் என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. அது அவசர முடிவு. அதே பல்கலைக்கழகத்தார் 2011 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். இம்முறை சிறிது நேரப் பயிற்சிக்குப் பதிலாகப் பல நாட்கள் கடும் பயிற்சி அளிக்கப்பட்டது. அதன்பின் அளந்து பார்த்தபோது முன்னர்க் கண்ட வேறுபாடு மறைந்திருந்தது.

இவை நோயுற்ற மூளையில் நடத்தப்பட்ட சோதனைகள் அல்ல என்பதை மறத்தலாகாது. பாரிசவாத நோயாளரிடையே இவ்வலகைப் பற்றிச் செய்த ஆய்வுகளின் முடிவுகளோ ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எனினும் ஒன்று தெளிவு. இவ்வலகு ஆள்வது, நரம்புக் கலம் தொழிற்படும்போது எவ்வளவு வெளிவிடும் என்பதை. தொழிற்பாடே இல்லையாயின் ஆளுவதற்கு அங்கே யாது உண்டு? நல்ல வகையைப் பெற்றுப் பிறந்தவர் ஒருவர் நாள் முழுதும் அசைவின்றிக் கிடந்தால் அவருக்கு அதனாற் பயன் சிறிதே. குறைந்த வகையைப் பெற்றவர்க்கு வேண்டுவது கூடுதலான பயிற்சியும் கூடுதலான காலமும். விதியும் முயற்சியும் எதிரெதிரே நிற்பனவாக நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம். இவ்வலகிலோ ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தெடுக்க இயலவில்லை.

அடுத்துச் சொல்லப்போகும் அலகின் வரலாறு இன்னும் வியப்பானது. சி.சி.ஆர். 5 என்பது அதன் பெயர். எயிட்ஸ் நோய்க்குரிய எச்.ஐ.வி. என்னும் வைரசு நம் கலங்களுள் நுழையப் பயன்படுத்தும் கதவுகளுள் ஒன்றாக அது 1996 இல் அறியப்பட்டது. அதே ஆண்டில், இவ்வலகின் குறிப்பில் 32 எழுத்துக்கள் விடுபட்டுப்போன சிலர் இருப்பதும், இரு பிரதிகளிலும் அவ்வாறு விடுபட்டவரை அவ்வைரசு பெரும்பாலும் தொற்றாதிருப்பதும் கண்டறியப்பட்டன. பாரிசவாதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம்.

கலிபோர்னியாவில் நினைவாற்றலை ஆராய்ந்துகொண்டிருந்த அல்சினோ சில்வா என்பாரின் ஆய்வுகூடத்தில், சி.சி.ஆர். 5 குறைந்த சுண்டெலிகள் மற்றவற்றிலும் விரைவாகக் கற்பது தெரியவந்தது. அவரும் பாரிசவாத ஆராய்ச்சியாளரான தோமஸ் கார்மைக்கேலும் இஸ்ரேலிய அறிஞர் சிலரும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019 இல் வெளியானது. நலமான மூளையின் நரம்புக் கலங்களில் இப்புரதம் மிகக் குறைவு. பாரிசவாதம் கண்டதும் அது பெருகுகிறது. அடிபட்ட கலம் ஆபத்து வேளையில் தன்னை அடக்கிக்கொள்ள இது உதவக்கூடும். ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் அது நிலைத்திருந்து, புதிய தொடர்புகள் ஏற்படுவதைத் தடுக்கிறது. சுண்டெலிகளில் அதனைக் குறைத்தபோது அவற்றின் கால்கள் விரைந்து தேறின. அடுத்து, டெல் அவீவ் நகரில் பாரிசவாதம் கண்டபின் தொடர்ந்து கவனிக்கப்பட்டுவந்த நோயாளரின் பதிவுகளைப் புரட்டினார்கள். 32 எழுத்துக்கள் விடுபட்ட பிரதியை உடையோர், மற்றையோரிலும் நன்றாக உடலியக்கத்திலும் சிந்தனைத் திறனிலும் தேறியிருந்தனர்.

இந்த நற்பேறு நமக்கு உண்டா? வட ஐரோப்பியரில் இவ்வகை பரவலாகக் காணப்படுகிறது. தென்னாசியரில் மிக அரிது. ஆபிரிக்கரிலும் கிழக்காசியரிலும் பெரும்பாலும் இல்லை எனலாம். ஆகவே இலங்கை வைத்தியசாலையொன்றில் நோயாளர் எல்லாரிடமும் இதனைத் தேடிப் பார்ப்பது வீண் செலவு. ஆயினும் இக்கண்டுபிடிப்பு நமக்குப் பயனற்றது என்று கொள்ளற்க. சி.சி.ஆர். 5 ஐத் தடுக்கும் மரவிரோக் என்னும் மாத்திரை எச்.ஐ.வி. நோயாளர்க்கென 2007 இல் அங்கீகரிக்கப்பட்டு வழக்கில் உள்ளது. அதனைக் கொடுத்த சுண்டெலிகளும் பாரிசவாதத்திலிருந்து நன்கு தேறின. உடற்பயிற்சியோடு அம்மாத்திரையையும் சேர்த்து நோயாளரிற் பரிசோதிக்கும் ஆய்வொன்று கனடாவில் தொடங்கப்பட்டது. ஐரோப்பியர் சிலர் பிறப்பிலே பெற்ற ஒன்றை, அதனைப் பெறாத மற்றவர்க்கு மருந்தாக அளிக்க முடியுமா என்பதே அவ்வாய்வின் வினா. பரம்பரை ஆராய்ச்சியின் பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன். சாதகம் கணிப்பதுபோல ஒருவருடைய எதிர்காலத்தைக் கணித்துச் சொல்வது அதன் தொழிலன்று. சிலர் ஏன் நன்றாகத் தேறினர் என்று கேட்டு, அவ்வழியை எல்லார்க்கும் திறக்க முயல்வது.

முயற்சி என்றேன், வெற்றி என்று சொல்லவில்லை. இத்துறையில் சுண்டெலிக்குப் பலித்தது மனிதர்க்குப் பலியாமற் போன வரலாறு நீண்டது. சிறிய ஆய்வில் மின்னியது பெரிய ஆய்வில் மங்கியதும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுவொக்செற்றீன் என்னும் மருந்து பாரிசவாதத்தில் கை கால்களின் இயக்கத்தை மேம்படுத்துகிறது என்று, பிரான்சில் 118 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வு 2011 இல் அறிவித்தது. பெரும் நம்பிக்கை பிறந்தது. பிரித்தானியாவில் 3,127 நோயாளரிடம் பரிசோதித்து 2018 இல் முடிவு வெளியிட்டபோது, இயலாமை குறையவில்லை என்பதும் எலும்பு முறிவு சிறிது கூடியது என்பதுமே தெரியவந்தன. மரவிரோக் பற்றிய செய்தியைப் பத்திரிகையிற் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு விரையும் அன்பர்கள் இதனை மனத்திற் கொள்வது நன்று.

ஓர் அலகை மட்டும் பாராமல் எல்லா அலகுகளையும் ஒருங்கே ஆராய்ந்தால் என்ன? அதனையும் செய்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஆய்வுகளிலிருந்து 6,165 நோயாளரின் பதிவுகளைத் திரட்டி 2019 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தேறுதலோடு தொடர்புடையதாக உறுதியாய்த் தென்பட்டது பதினெட்டாம் நிறமூர்த்தத்தில் ஓர் இடமே. இதனோடு ஒப்பிட, பாரிசவாதம் யாருக்கு வரும் என்னும் முதல் வினாவுக்காக 2022 இல் வெளியான ஆராய்ச்சி 1,10,182 நோயாளரைக் கொண்டது. அதில் 89 இடங்கள் தென்பட்டன. தேறுதலைப் பற்றிய அறிவு இன்னும் தவழும் பருவத்திலேயே இருக்கிறது.

அதற்கு ஆட்தொகை மட்டும் காரணமன்று. தேறுதலை எந்தக் கோலால் அளப்பது? பெரும்பாலான ஆய்வுகள் பயன்படுத்துவது, கிளாஸ்கோ நகரில் ரங்கின் என்னும் வைத்தியர் 1957 இல் வகுத்த படிமுறையைத் திருத்தி அமைத்த அளவுகோல். குறை எதுவும் இல்லாதவர்க்குச் சுழியம், இறந்தவர்க்கு ஆறு, இடைப்பட்டோர் எல்லாரும் ஒன்று முதல் ஐந்து வரையான படிகளுள் அடங்க வேண்டும். விரல் மடங்காத தையற்காரரும், சொல் வராத ஆசிரியரும் அக்கோலில் ஒரே இலக்கத்தைப் பெறக்கூடும். இத்தகைய தடித்த கோலைக் கொண்டு மெல்லிய பரம்பரை வேறுபாட்டை அளப்பது, நெல் நிறுக்கும் தராசிற் பொன்னை நிறுப்பது போலாம். மேலும், முதல் நாளிற் கண்ட பழுதின் அளவும் நோயாளியின் வயதும் தேறுதலை நிருணயிப்பதில் மிகப் பெரியவை. இன்றுவரை அறிந்த எந்த அலகும் இவற்றுக்கு அருகில் வரவில்லை. அன்றியும், அந்த 6,165 பேரிற் பெரும்பாலார் ஐரோப்பிய வம்சத்தவர். அவர்களிற் கண்டதை அப்படியே நமக்கு உரியதென்று கொள்ள முடியாது. நம்மவரின் நோயும் தேறுதலும் நம் வைத்தியசாலைகளிலேயே ஒழுங்காகப் பதியப்பட்டு ஆராயப்படும் நாள் வர வேண்டும்.

ஆகையால், "குருதியைச் சோதித்து, என் தகப்பனார் தேறுவாரா என்று சொல்ல முடியுமா?" என்று கேட்போர்க்கு இன்றுள்ள விடை, முடியாது என்பதே. அவ்வாறு சொல்வதாகக் கூறிப் பணம் கேட்பவர் எவராயினும் அவரை நம்ப வேண்டுவதில்லை.

இனி, இல்லத்தார் செய்யத்தக்கது யாது? பயிற்சி நன்றென்றால் முதல் நாளே நோயாளியை எழுப்பி நடக்கவைக்கலாமே என்று எண்ணத் தோன்றும். 2,104 நோயாளரைக் கொண்டு ஐந்து நாடுகளில் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு அதனை மறுத்தது. முதல் 24 மணித்தியாலத்துக்குள் அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பி நடத்தப்பட்டவர்கள், வழக்கமான முறையிற் கவனிக்கப்பட்டவர்களிலும் குறைவாகவே தேறினர். காலமும் அளவும் அறிந்து செய்வதற்கே வைத்தியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் இருக்கின்றனர்.

மறுபுறத்தில், சில மாதங்கள் கழிந்துவிட்டால் இனி ஒன்றுமில்லை என்று கைவிடுவதும் பொருந்தாது. பாரிசவாதம் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய ஆய்வொன்று 2006 இல் வெளிவந்தது. மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசைவோர் அவர்கள். நலமான கைக்கு உறையிட்டு, விழித்திருக்கும் நேரத்திற் பெரும்பகுதியும் அதனைப் பயன்படுத்தாதபடி செய்து, சோர்ந்த கையைக் கொண்டே வேலை செய்யுமாறு இரண்டு வாரம் பழக்கினார்கள். அவர்கள் அடைந்த முன்னேற்றம் ஓராண்டின் பின்னும் நிலைத்திருந்தது.

நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. மருமகள் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். பேரன் செருப்பை மாட்டிவிடுகிறான். கேட்குமுன்பே தண்ணீர்ச் செம்பு வாயருகே வருகிறது. பேச முயன்று திணறும் முதியவருக்காக வீட்டிலுள்ள நால்வரும் விடை சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் அன்பினாற் செய்யப்படுவன. ஆனால் அக்கைக்கும் அந்நாவுக்கும் எஞ்சியிருக்கும் சிறு தொழிலையும் அவை பறித்துவிடுகின்றன. விழுங்குவதிற் சிரமம் இல்லை என்று வைத்தியர் சொல்லியிருப்பின், பிடி பெருத்த கரண்டியொன்றைச் சோர்ந்த கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். சோறு சிந்தும், ஒரு வேளை உணவுக்கு ஒரு மணித்தியாலம் செல்லும்.

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும் நாளில், எந்தப் பயிற்சியை நாளுக்கு எத்தனை முறை செய்வது, எதனைச் செய்யலாகாது என்று சிகிச்சையாளரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அக்கொப்பியிலேயே ஒவ்வொரு நாளும் எத்தனை அடி நடந்தார், கை எவ்வளவு உயர்ந்தது, எந்தச் சொல் புதிதாக வந்தது என்று குறித்துவைத்து, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொண்டு சென்று காட்டுங்கள். உடன் செல்லும் பிள்ளைகளும் அன்றைக்கே தத்தம் குருதியமுக்கத்தை அளந்துகொண்டு வரலாம்.